அப்பாவின் மறதி: முதலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவறி 14 மாதம் ஆகிறது. அதன் பிறகுதான் மறதி கண்ணில் பட ஆரம்பித்தது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டார். தினமும் எழுதும் வரவு செலவு நோட்டை நிறுத்திவிட்டார். போன மாதம், நாற்பது வருடமாகப் போய்வரும் கோயிலில் இருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றிருக்கிறார். வேலைக்கார அம்மா மோதிரத்தைத் திருடிவிட்டார் என்று சண்டை. மோதிரம் அரிசி டின்னில் கிடந்தது. சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, அம்மா போனதில் இருந்து தூக்கத்துக்கு ஒன்று சாப்பிடுகிறார். மூன்று மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. எங்கள் டாக்டர் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், ‘அமெரிக்காவில் புது ஊசி வந்திருக்கு, எவ்வளவு ஆனாலும் போட்டுடலாம்’ என்கிறார். ஒருநாள் அப்பா தெளிவாக இருக்கும்போது, ‘கடைசியில என்னைக் குழாய் சொருகிப் படுக்க வெச்சுடாதேம்மா’ என்றார். ‘அபசகுனமாப் பேசாதீங்கப்பா’ என்று வாயை அடைத்துவிட்டேன். இது வயதா, நோயா? இன்னும் எத்தனை காலம்? எனக்கும் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

‘வயசாச்சு, அப்படித்தான்’ என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் பாதி வயதால் வருவதல்ல. மீதிப் பாதியில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் குறைந்தது ஐந்து இருக்கின்றன. அவற்றைத் தேடாமல் நோய்க்குப் பெயர் சூட்டுவதும் தவறு, புது ஊசிக்குப் பணம் சேர்ப்பதும் தவறு.

வயதான மூளை எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளையின் எடை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். நாற்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 5 சதவீதம் என்ற கணக்கில் அது சுருங்குகிறது. எழுபதைத் தாண்டினால் வேகம் கூடலாம். சுருங்குகிறது என்றால் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று பொருளில்லை. பெரும்பாலான அணுக்கள் இருக்கும். அவற்றின் கிளைகளும் ஒன்றோடொன்று கொண்ட இணைப்புகளும் குறையும். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் கொழுப்பு உறை தேயும். அதனால் செய்தி ஓடும் வேகம் குறைகிறது. எதிரில் வருபவரின் பெயர் உடனே வாயில் வராமல் அரைமணி கழித்து வருவது, இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யத் தடுமாறுவது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாம் இதில் சேர்த்தி. சொல்வளம், உலக அனுபவம், மனிதர்களை எடைபோடும் திறன் இவையெல்லாம் அறுபது எழுபதிலும் கெடாமல் இருக்கும்.

ஸ்கேன் எடுத்தால் அறிக்கையில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்ற வரி அநேகமாக இருக்கும். அதைப் பார்த்துப் பல குடும்பங்கள் இடிந்துபோகின்றன. 76 வயதில் அந்த வரி நோயைச் சொல்வதல்ல. தலைநரையைச் சொல்வது போலத்தான்.

ஆனால் வழி தெரியாமல் நின்றது வேறு. வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதியவர் நோட்டை மூடி வைத்ததும் வேறு. மறதிநோயையும் (டிமென்ஷியா) வயதையும் பிரிக்க நாங்கள் பார்ப்பது எதை மறந்தார் என்பதைவிட, முன்பு தனியாகச் செய்துகொண்டிருந்த எந்த வேலை இப்போது அவர் கைக்கு வரவில்லை என்பதை. பால் பணம், நோட்டு, கோயில் வழி மூன்றும் அந்தக் கணக்கில் வருகின்றன. திருட்டுப் பழி மறதிநோயில் மிகவும் அறிமுகமான அறிகுறி. மோதிரத்தை எடுத்து ஒளித்து வைத்த நினைவு மூளையில் பதியவே இல்லை. மோதிரம் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. நடுவில் உள்ள பள்ளத்தை மூளை தானே ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த வேலைக்கார அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள், பாவம்.

இனி சரிசெய்யக்கூடியவை. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உங்கள் அப்பா விஷயத்தில் பலன் கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான்.

மாத்திரைப் பெட்டியைத் திறந்து எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்புங்கள். கடையில் கேட்டு வாங்கியவை, பக்கத்து வீட்டார் கொடுத்தவை, சளிக்கு அவ்வப்போது போடுபவை எல்லாமும் வரட்டும். தூக்க மாத்திரை பெரும்பாலும் அல்பிரஸோலம் அல்லது குளோனாசிபாமாக இருக்கும். முதியவர்களின் உடலில் இருந்து இந்த வகை மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். பகலிலும் மந்தம், புது விஷயம் பதியாமை, தடுமாறி விழுதல் எல்லாம் வரும். அந்தக் குளியலறை வழுக்கலில்கூட இதற்குப் பங்கிருக்கலாம். ஆனால் 14 மாதம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நடுக்கம், தூக்கமே இல்லாத இரவு, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கோ அதற்கும் குறைவாகவோ குறைத்து, இரண்டு மூன்று மாதத்தில் விடுவதுதான் முறை.

சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமைன், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், கைநடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் இவை நினைவுக்கு மிகவும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. இதில் ஒன்று பெட்டியில் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஒட்டியிருந்தால் அதில் சிறுநீரைப் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது என்று பொருள். அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். 125-க்கு இறங்கினால் நல்ல மனிதரே குழம்பிப் பேசுவார்.

கிளிமிபிரைடு இன்னொரு சந்தேகம். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போடுவதும், போட்டுவிட்டுச் சாப்பிட மறப்பதும் மறதிக்காரர்களுக்குச் சகஜம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூளைக்கு எரிபொருள் இல்லை. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. இந்த வயதில், இந்த மறதியோடு, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.2 என்று வந்தால் பெருமைப்பட வேண்டாம். மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். 8-ஐ ஒட்டி இருந்தாலே இவருக்குப் போதும். வழி தெரியாமல் நின்ற அன்று எத்தனை மணி, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தீர்களா?

12 வருட மெட்ஃபார்மினும், கேஸ் மாத்திரையும், ஒருவேளை சைவச் சாப்பாடும் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறைய எல்லா வழியும் இருக்கிறது. முதல் இரண்டும் அதை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். மூன்றாவதில் பால் தயிரைத் தவிர அது கிடைக்காது. ரத்தத்தில் 200 பைக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு; 200-க்கும் 300-க்கும் நடுவில் என்றால் சந்தேகம், அறிகுறி இருந்தால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம். 1,000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் அடுத்தடுத்தும், பிறகு வாரம் ஒன்றும், பிறகு மாதம் ஒன்றுமாகக் கொடுப்பது வழக்கம். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தானாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

அடுத்தது அந்த ‘பெரிய அடி இல்லை’. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இது. மூளை சுருங்கும்போது மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. இடையில் பாலம் போல ஓடும் சிறிய ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன இடி போதும், கசிய ஆரம்பிக்கும். மெதுவாகக் கசிவதால் மூன்று வாரம் முதல் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்: குழப்பம், மந்தம், ஒரு பக்கக் கால் இழுப்பு, தலைவலி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஒரு சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் சொல்லிவிடும். மண்டையோட்டில் சிறிய துளையிட்டு வடித்துவிட்டால் பலர் பழையபடி ஆகிறார்கள். எனவே சி.டி. இந்த வாரமே எடுங்கள். திடீரென்று தூங்கி வழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ வாரம் வரை காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மா போன துக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது. மறதியாகவும் அக்கறையின்மையாகவும் வரும். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சோர்வில் இருப்பவர் கேள்வி கேட்டால் ‘தெரியல, விடு’ என்பார். மறதிநோய்க்காரர் சமாளிப்பார், ஏதாவது பதில் சொல்லுவார், மகளைத் திரும்பிப் பார்ப்பார். மனச்சோர்வு என்று தெரிந்தால் மருந்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். காதையும் பாருங்கள்: அழுக்கு அடைத்திருக்கிறதா, கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா. காதில் விழாத பேச்சு நினைவில் எப்படிப் பதியும்?

ரத்தப் பரிசோதனைக்கு இந்த வரிசையை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, சோடியம் பொட்டாசியம், கிரியேட்டினின், கால்சியம், கல்லீரல் பரிசோதனை, டி.எஸ்.எச். (தைராய்டு), பி12, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. மறதி சில நாட்களில் மளமளவென்று கூடியிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல்கூட முதியவரைத் தலைகீழாக்கும். அந்த வகைக் குழப்பம் மணிக்கணக்கில் வரும், காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி இருக்கும், ஒரு பேச்சில் கவனம் நிற்காது. மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊரும்.

இத்தனையும் பார்த்து, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்து, மூன்று மாதம் கழித்தும் வழி தடுமாறினால் அப்போது மறதிநோய் என்ற முடிவுக்கு வரலாம். நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ போகும்போது கூட இருந்து கவனித்தவர் யாரோ அவர் போக வேண்டும். இரண்டு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: தேதி, நேரம், என்ன நடந்தது. அங்கே 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைப்பார்கள். மோகா என்ற சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. 26-க்குக் கீழே என்றால் மேலும் பார்க்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. 12 ஆண்டுப் படிப்பைத் தாண்டாதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். கடிகாரம் வரைந்து 11.10 காட்டச் சொல்வது அதில் ஒரு பகுதி. இதை வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். மதிப்பெண் ஏறும், நோய் இறங்காது. முடிந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்குச் சிறுசிறு ரத்த அடைப்புகள் சேர்ந்தே மறதியை உண்டாக்கியிருக்கலாம். அப்படியானால் பிரஷரைக் கட்டுப்படுத்துவதே பெரிய மருந்து.

மறதிநோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் என்று முடிவானால், டோனெபெசில் 5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்து 10-க்கு உயர்த்துவார்கள். அதற்கு முன் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். இரவில் கொடுத்தால் கெட்ட கனவு வரும் என்றால் காலைக்கு மாற்றலாம். மிதமான கட்டத்தில் மெமான்டின் சேர்ப்பார்கள், வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் 20 வரை. இவை நோயை நிறுத்தாது. சிலருக்குச் சில மாதங்கள் தெளிவை நீட்டும். ஆறு மாதம் கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை, பக்கவிளைவுதான் மிச்சம் என்றால் நிறுத்துவது பற்றிக் கேட்பதில் தவறில்லை. வல்லாரைக் கீரையைக் கூட்டாகச் செய்து போடுங்கள், சாப்பிடட்டும். நினைவாற்றல் டானிக்குக்கு மாதாமாதம் பணம் கட்டாதீர்கள். ஜின்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்து, மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2008-இல் அறிவித்துவிட்டார்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் வேறு.

அண்ணன் சொல்லும் ஊசி லெக்கானெமாப் அல்லது டோனானெமாபாக இருக்கும். அமெரிக்காவில் முன்னதற்கு 2023 ஜூலையிலும் பின்னதற்கு 2024 ஜூலையிலும் முழு அனுமதி கிடைத்தது. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றுபவை. அதை உண்மையாகவே அகற்றுகின்றன. ஆனால் பலன் எவ்வளவு? லெக்கானெமாப் ஆய்வில் 1,795 பேர். 18 மாத முடிவில், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டு கூட்டமும் கீழேதான் இறங்கின, ஒன்று கொஞ்சம் மெதுவாக. அந்த ஆய்வில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளத்தில் ஏற்றினார்கள்; மூளை வீக்கமும் கசிவும் வருகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்; அமிலாய்டு இருக்கிறது என்பதை முன்கூட்டியே பெட் ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதிசெய்ய வேண்டும். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான். கசிவு சந்தேகம் உள்ள ஒருவருக்கு இந்தப் பேச்சே இப்போது வேண்டாம். அண்ணனுக்குச் செலவழிக்க மனம் இருக்கிறது என்றால் பகலில் அப்பாவுடன் இருக்க நல்ல ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் அனுப்பட்டும். என் கணிப்பில் அந்தப் பணம்தான் அதிகம் பலன் தரும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேஸ் சிலிண்டரின் வால்வை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு. சட்டைப்பையில் பெயரும் உங்கள் எண்ணும் எழுதிய அட்டை. மாத்திரை உங்கள் கையால். வண்டி ஓட்டினால் சாவி உங்களிடம். கேட்டதையே கேட்டால் ‘இப்பத்தானே சொன்னேன்’ என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அது அவருக்கு எதையும் நினைவூட்டாது, குற்றவாளியாக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் பரபரப்பு கூடினால் விளக்கை முன்பே போடுங்கள், மதியத் தூக்கத்தை அரைமணியோடு நிறுத்துங்கள். கத்துகிறார் என்று ஒடுக்கும் மாத்திரை கேட்காதீர்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டுகின்றன என்று 2005-இலேயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு.

இப்போது நீங்கள் வாயை அடைத்த பேச்சுக்கு வருகிறேன். அபசகுனம் என்று நீங்கள் நினைத்தது, அப்பா உங்களுக்குக் கொடுக்க வந்த உதவி. மறதிநோயில் இறப்பு இரண்டு தவணையில் வருகிறது. முடிவெடுக்கும் மனம் முதலில் போகிறது, உடல் பல வருடம் கழித்துப் போகிறது. நடுவில் உள்ள காலத்துக்கு யாரோ ஒருவர் அவருக்காக முடிவெடுத்தே ஆக வேண்டும். அவர் என்ன விரும்புவார் என்று தெரியாமல் எடுப்பது பிள்ளைகளை வாழ்நாள் முழுக்க வாட்டும். தெளிவு இருக்கும் இந்தக் கொஞ்ச காலம்தான் கேட்கக்கூடிய காலம். மறதிநோய் என்று பெயர் வைத்ததும் முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவு சொல்லும்வரை மனதில் வைத்திருக்கிறாரா, இது வேண்டும் இது வேண்டாம் என்று சீர்தூக்குகிறாரா, அதை வெளியே சொல்கிறாரா என்ற நான்கையும்தான் பார்ப்போம். அதுவும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக.

காலைச் சிற்றுண்டி முடிந்த நேரத்தில் பேசுங்கள். கண்ணாடி போட்டிருக்கட்டும், டிவி அணைந்திருக்கட்டும், இருபது நிமிடம் போதும். ‘அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களேப்பா, நான்தான் கேட்கல. இப்பச் சொல்லுங்க’ என்று ஆரம்பிக்கலாம். என்ன இருந்தால் வாழ்க்கை வாழ்க்கையாக இருக்கும், எந்த நிலை வந்தால் மேலே இழுக்க வேண்டாம், தன்னால் சொல்ல முடியாதபோது யார் பேச வேண்டும் என்ற மூன்றையும் ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். முதலில் பேசியதே அவருக்கு நினைவில்லாமல் போகலாம். பதில் அதேதான் வந்தால் அது அவருடைய உறுதியான விருப்பம்.

அதை ஆவணமாக்க வழி இருக்கிறது. பிழைக்கும் நம்பிக்கை இல்லாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. லிவிங் வில் என்று பத்திரிகைகள் சொல்வது இதைத்தான். இரண்டு சாட்சிகள் முன்னால் அப்பா கையெழுத்திட வேண்டும். நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. தனக்காகப் பேச ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதலாம். உங்களையும் அண்ணனையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள், பின்னால் சண்டை வராது. நேரம் வரும்போது மருத்துவமனை மூன்று மருத்துவர் குழு ஒன்றும், அதை உறுதிசெய்ய இரண்டாவது குழு ஒன்றும் அமைத்து ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்து தெளிவாக இருக்கட்டும். ‘நிம்மதியாகப் போக விடுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் எந்த மருத்துவருக்கும் அது உதவாது. வென்டிலேட்டர், இதயம் நின்றால் மார்பை அழுத்துதல், டயாலிசிஸ், உணவு செலுத்தும் குழாய், ஐ.சி.யு. ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம், சிலநாள் முயன்று பார்க்கலாம் என்று தனித்தனி வரி வேண்டும்.

பண விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘பவர் எழுதி வாங்கிட்டா போதும்’ என்று உறவினர்கள் சொல்வார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, பவர் கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்தால் அந்தப் பவர் அத்துடன் முடிகிறது. எந்த நாளுக்காக வாங்கினீர்களோ அந்த நாளில் அது காகிதம். பிறகு உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு அலைய வேண்டும். அதனால் அவர் தெளிவாக இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, ஓய்வூதியத்தில் ஒரு பகுதி மாதாமாதம் அதில் விழும்படி வங்கியில் உத்தரவு கொடுத்துவிடுங்கள். உயில் எழுத இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. அன்றைக்கே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி உடன் வையுங்கள். சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம்.

எத்தனை காலம் என்று கேட்டிருந்தீர்கள். அல்சைமராக இருந்தால் கண்டறிந்த பின் சராசரியாக நான்கு முதல் எட்டு ஆண்டு. சிலர் இருபது ஆண்டுகூட இருக்கிறார்கள். திட்டமிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். கடைசிக் கட்டம் எப்படி வரும் என்பது எண்ணைவிட முக்கியம். அமெரிக்க முதியோர் இல்லங்களில் முற்றிய மறதிநோய் உள்ள 323 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வு 2009-இல் வெளியானது. அந்த 18 மாதத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சாப்பிடுவதில் சிக்கல் 86 சதவீதம் பேருக்கு, நிமோனியா 41 சதவீதம் பேருக்கு வந்தது. விழுங்கும் வேலையை ஒருங்கிணைக்கும் நரம்புகள் செயலிழப்பதால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறது.

குழாய் கேள்வி எழுவது அப்போதுதான். முற்றிய மறதிநோயில் உணவு செலுத்தும் குழாய் வைப்பது ஆயுளை நீட்டுவதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ, படுக்கைப்புண்ணை ஆற்றுவதாகவோ சான்று இல்லை. குழாயைப் பிடுங்குவார் என்று கையைக் கட்டிவைப்பதில் போய் முடியும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே சாய்த்து, அரைக் கரண்டி ஊட்டி, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்தது. தண்ணீர்தான் அதிகம் புரையேறும்; கேழ்வரகுக் கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கினால் எளிதாக இறங்கும். சாப்பிட்டு அரைமணி படுக்க விடாதீர்கள். காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்யுங்கள். நிமோனியாவுக்கு வித்து வாயில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவார். பட்டினி போடுகிறோமோ என்ற குற்ற உணர்வு எல்லா வீட்டிலும் வரும். உடல் தன் வேலைகளை நிறுத்திக்கொண்டு வரும்போது பசி அடங்கிவிடுகிறது. உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருந்தால் போதும். வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சையை வீட்டுக்கே வந்து கொடுப்பது தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பதிந்து வையுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கடைசியாக, உங்களுக்கு வருமா என்பது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு, உறுதி இல்லை. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் அப்போ-ஈ4 மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடிவு தெரிந்து மாற்றிச் செய்ய ஒன்றுமில்லாததால் நான் பரிந்துரைப்பதில்லை. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதிநோயில் சுமார் 45 சதவீதத்துக்கு மாற்றக்கூடிய 14 காரணங்கள் பின்னணியில் இருப்பதாகக் கணக்கிட்டது: பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, மது, உடலுழைப்பின்மை, தனிமை என்று போகிறது பட்டியல். நடுவயது பிரஷர்தான் இவற்றில் எளிதாகக் கண்டுபிடிக்கவும் கட்டுப்படுத்தவும் கூடியது. வாரம் 150 நிமிட வேக நடையும் வேண்டும். அப்பாவின் பிரஷர், சர்க்கரை, மாத்திரை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சி.டி.க்கு அவரை அழைத்துப் போகும் அன்று, அங்கேயே உங்கள் பிரஷரையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.